காலி லிஃப்ட்

சிறுவர்களுக்கான வேடிக்கைப் புத்தகங்களை வெளியிடும் அந்த அலுவலகத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்திலும் ஒரு நீதி இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. சிரித்த குழந்தை சும்மா வீட்டுக்குப் போய்விடக் கூடாதாம்.

அங்கேதான் குறும்பி படம் போட்டாள். பள்ளியில் தலைமையாசிரியரைக் கரும்பலகையில் வரைந்ததற்காக பெஞ்சின் மேல் நிறுத்தப்பட்டபோது வந்த பெயர் அது. பெஞ்சின் மேலிருந்து பார்த்தால் வகுப்பு இன்னும் வேடிக்கையாகத் தெரிகிறது என்று அன்றே கண்டுகொண்டாள். அப்பா போனதும் படிப்பு நின்றது, கை நிற்கவில்லை.

அவளை வளர்த்த அக்காவுக்கும் அதே அலுவலகத்தில்தான் வேலை. டீ போட்டு நாலாம் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். லிஃப்ட் உண்டு. அதன் கதவில் 'அதிகாரிகளுக்கு மட்டும்' என்று பித்தளைப் பலகையும் உண்டு. சாயங்காலம் அக்காவின் முழங்கால் வீங்கிப்போயிருக்கும். குறும்பி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள்.

"லிஃப்ட்ல போனா டீ கெட்டுப்போயிருமாக்கா?"

"டீ கெடாதுடி. அவங்க மரியாதை கெட்டுப்போகும்."

குறும்பி இயக்குநரிடமே போய்க் கேட்டாள். "விதிம்மா" என்றார் அவர். இயற்றியவரே அவர்தான்.

எனவே அவள் ஒரு புத்தகம் போட்டாள். யானை லிஃப்டில் போகிறது. எறும்பு டீத்தட்டைச் சுமந்து படியேறுகிறது. அவ்வளவுதான் கதை.

இயக்குநர் படத்தோடு வந்தார். "ஏம்மா, இது நான்தானே?"

"யானை சார்."

"காது என் காது மாதிரியே இருக்கே?"

அதுவரை அவர் காதை யாரும் கவனித்ததில்லை. அன்றிலிருந்து வேறெதையும் கவனிக்க முடியவில்லை.

யானையை நீர்யானையாக மாற்றினாள். கணக்கு அதிகாரி வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "வாயைக் கொஞ்சம் சின்னதாக்க முடியுமாம்மா?" என்றார். ஒட்டகம் போட்டாள். துணை இயக்குநர் விடுப்பில் போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அங்கே அது வரிசையில் நின்றது.

எறும்பைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. தினமும் அது கொண்டுவந்த டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். "லிஃப்ட்ல எந்த மிருகமும் வேணாம். காலியா விட்டுடுங்க. யாருக்கும் கோபம் வராது."

காலி லிஃப்டோடு புத்தகம் அச்சானது. கடைசிப் பக்கத்தில் 'உழைப்பே உயர்வு தரும்' என்று தன் கைப்படவே நீதி சேர்த்தார்.

வெளியீட்டு நாளன்று நாலாம் மாடிக் கூடத்தில் குழந்தைகளுக்கு அவரே படித்துக் காட்டினார். குழந்தைகள் அதிகாரிகள் அல்ல என்பதால் படியேறித்தான் வந்திருந்தார்கள். முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள்.

"சார், லிஃப்ட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல கண்ணு."

"அப்புறம் எறும்பு ஏன் படியில போகுது?"

இயக்குநர் பக்கத்தைப் புரட்டினார். அங்கேயும் காலி லிஃப்ட்தான் இருந்தது. "உழைச்சாத்தான் உயரலாம்" என்றார்.

"லிஃப்ட்ல போனாலும் உயரலாமே சார்!"

அந்த நேரம் பார்த்து அக்கா தட்டோடு வாசலில் வந்து நின்றாள். மூச்சு இரைத்தது, டம்ளர்கள் கடகடத்தன.

"ஐ, எறும்பு வந்துடுச்சு!" என்று கத்தினாள் சிறுமி.

கூடம் அதிர்ந்தது. அந்தக் கட்டடம் கேட்ட முதல் சிரிப்பு அது. இயக்குநரின் பெரிய காதுகள் சிவந்தன. கூட்டம் முடிந்ததும் குழந்தைகள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, லிஃப்டுக்குள் ஏற்றிவிட்டுத் தாங்களும் ஏறிக்கொண்டார்கள்.

சாயங்காலத்துக்குள் ஆணை வந்துவிட்டது. விதியை மாற்றி அல்ல. இனி குழந்தைகள் நிகழ்ச்சிகள் தரைத்தளத்திலேயே நடக்கும் என்று. பித்தளைப் பலகைக்கும் புதிதாக மெருகு போட்டார்கள்.

வீட்டில் குறும்பி ஒத்தடத் துணியைப் பிழிந்தபடி கேட்டாள். "லிஃப்ட்ல வந்தியே, டீ கெட்டுச்சாக்கா?"

"இறங்கும்போது காலி டம்ளர்தானேடி இருந்துச்சு" என்றாள் அக்கா, காலை நீட்டிக்கொண்டு. "நாளைக்கு டீயோட ஏறிப் பார்த்துட்டுச் சொல்றேன்."