அண்ணி கேட்ட பெஞ்சு

என் அண்ணி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே தையல்கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஸ்டாப்பில் நிழலும் இல்லை, உட்கார இடமும் இல்லை. அதனால் பஸ்ஸுக்கு வருகிறவர்கள் கடைக்குள் உட்கார்ந்துவிடுவார்கள். துணி தைக்க வந்தவர்கள் இடமில்லாமல் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். எழுந்து போங்கள் என்று சொல்லவும் அண்ணிக்கு வாய் வராது.

ஸ்டாப்புக்குக் கூரையும் பெஞ்சும் வேண்டும் என்று மாநகராட்சியில் போய்க் கேட்டார். அதிகாரி வந்து பார்த்தார். "ஒருத்தர்கூட நிக்கலையேம்மா, யாருக்குப் பெஞ்சு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். நிற்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் கடைக்குள் ஃபேன் காற்று வாங்கிக்கொண்டு அவரை வேடிக்கை பார்த்தார்கள்.

அண்ணி விடவில்லை. நான் வெளிநாட்டிலிருந்து லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அந்த அதிகாரியை மறுபடி வரவழைத்தார். அன்று மட்டும் எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

"ஒரு நாள் வெயில்ல நின்னா உருகிட மாட்டீங்க. போங்க."

நான் அண்ணி பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "அண்ணி, அதிகாரிகிட்ட வம்பு வேண்டாமே."

"வெளிநாடு போயும் உனக்குப் பயம் போகலையே தம்பி. நீயும் போய் நில்லு, ஒரு தலை கூடும்."

நின்றேன். அதிகாரி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார்.

"கொஞ்சம் உள்ளே உட்காரலாமாம்மா?"

"தைக்கத் துணி இருக்கா சார்?"

"இல்லையே."

"அப்ப ஸ்டாப்புல நில்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். பெஞ்சு எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டார். அண்ணி கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்போடு தெருவில் இறங்கிவிட்டார்.