பஸ்ஸில் பட்ட வெற்றிலைக் கறை

தோழிகளே, எல்லாரும் தூங்கிய பிறகு சிம்னி விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வரும்போது நான் பெரியவளாகிவிட்டேன். பின் சீட்டில் எங்கள் பெரியப்பா. பாவாடைக் கறையை அவர் பார்த்தால் பிறகு சீர், விருந்து, அதோடு படிப்பு நின்றது. அக்காவுக்கு அப்படித்தான் நின்றது.

எங்கள் ஊர் வந்தது. பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

மேட்டுப்பாளையத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாக்கு விற்கிற அம்மா அதைக் கவனித்துவிட்டார். முன்பின் தெரியாதவர். "எந்திரி கண்ணு" என்றார் மெதுவாக. எழுந்தேன். வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றை என் பாவாடைமேல் துப்பினார்.

"ஐயோ, புள்ள பாவாடையில துப்பிப்போட்டேனுங்க!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஏனுங்க அம்மணி, கண்ணை ஊட்டுல வெச்சுட்டு வந்தீங்களா?" என்றார் பெரியப்பா.

"ஆமாங்க, மறந்துபோட்டு வந்துட்டேனுங்க."

வீட்டில் அம்மா அந்தப் பாக்குக்காரம்மாவைத் திட்டிக்கொண்டே பாவாடையைத் துவைத்தாள்.

பரீட்சையில் ஒரு விடை காட்டினாலே "தலையைக் காப்பாத்திப்போட்டே", "வயித்துல பாலை வார்த்தே" என்கிறோமே, அவரிடம் எனக்கு ஒன்றுமே வாயில் வரவில்லை. இப்போதும் அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை.

அவரிடம் என்ன சொல்லியிருக்கலாம்? யோசித்துச் சொல்லுங்கள். அப்படியே, உங்களில் யாராவது அடுத்த மாதத்துக்குள் வெற்றிலை போடப் பழகிக்கொள்ளுங்கள்.