கிளை கையில் இருக்கும்போது சொன்ன சொல்

பாஸ்டர் மசோண்டோ ஜோகன்னஸ்பர்க் நகரின் நடுவே பதினெட்டு வருடமாக ஊழியம் செய்கிறார். கர்த்தர் அழைத்தார் என்பார். அழைத்தது உண்மைதான், ஆனால் இப்போது அழைப்பது ரூட்போர்ட் புறநகருக்கு. அங்கே புல்வெளி வைத்த ஆலயம், சரியான நேரத்துக்கு வரும் விசுவாசிகள். திங்களன்று போய்ச் சேர வேண்டும். பெட்டியெல்லாம் கட்டியாயிற்று.

சனிக்கிழமை காலை தொலைவிலுள்ள நொங்கோமா ஊரிலிருந்து மாசுங்கு வந்தாள். கையில் இலந்தைக் கிளை, முள்ளோடு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஐந்து மாடிக் கட்டடம் எரிந்து பதினோரு பேர் செத்தார்களே, அதில் ஒருவன் அவள் மகன் துலானி. மசோண்டோவின் சபைப் பிள்ளை. உடல் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆவி வரவில்லை. செத்த இடத்தில் கிளையை வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, வீடுவரை பேசிக்கொண்டே கூட்டிப் போக வேண்டும்.

"நாலு மாடி ஏற என் முட்டி விடாது பாஸ்டரே. நீங்க போயிட்டு வாங்க."

"அம்மா, இது கூடாதுன்னு நான் மூணு வாரம் பிரசங்கம் பண்ணியிருக்கேன்."

"துலானி சொன்னான். நல்லாத் தூக்கம் வந்துச்சாம். பிடிங்க."

பிடித்தார். ஆவியை அழைத்துவிட்டால் கிளை பிடித்தவர் செத்தவரிடம் மட்டுமே பேசலாம். உயிரோடிருப்பவர் எவரிடமும் வாய் திறக்கக் கூடாது. ஜிம்பாப்வேக்காரக் காவலாளி மொயோ பூட்டைத் திறந்துவிட்டான். உச்சி வெயில். உள்ளே சுவரெல்லாம் கரி. நான்காம் மாடியில் பேரைச் சொல்லி அழைத்துவிட்டு, "துலானி, படி. துலானி, இங்க திரும்பணும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் மஞ்சள் துணியில் குழந்தையை முதுகோடு கட்டிக்கொண்டு ஒருத்தி நின்றாள்.

"பாஸ்டர் ஐயா, எங்களையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போகிற பழக்கம் பாஸ்டர்களுக்கு இல்லை.

"இன்னைக்கு இல்லம்மா. திரும்பி வரேன்."

கீழே வந்து கிளையை மாசுங்குவிடம் கொடுத்த பிறகுதான் கேட்க முடிந்தது. "மொயோ, ரெண்டாம் மாடியில யாருய்யா குடியிருக்கா?"

"யாரும் இல்ல. பூட்டி மூணு வாரம் ஆச்சு."

"குழந்தையோட ஒருத்தி, மஞ்சள் துணி..."

மொயோ சாவியைப் பைக்குள் போட்டான். "மலாவிக்காரி. பேர் யாருக்கும் தெரியாது. தேடி யாரும் வரல."

மாசுங்கு திரும்பிப் பார்த்தாள். மகன் வீடு சேரும்வரை அவள் வேறு யாரோடும் பேசக் கூடாது. அதனால் கிளையைப் பார்த்தே சொன்னாள்: "துலானி, உங்க பாஸ்டர் வாக்குக் குடுத்துட்டாரு. கிளை கையில இருக்கும்போது குடுத்தது. அவங்க காத்துட்டு இருப்பாங்க."

ஞாயிறு முழுவதும் மசோண்டோ சாப்பிடவில்லை. திங்களன்று ரூட்போர்ட் லாரி வந்தது. அதைக் காக்க வைத்துவிட்டு, "வர முடியாது" என்று அவளிடம் சொல்லிவிட்டு வரக் கட்டடத்துக்குப் போனார்.

"எப்படிச் சொல்லுவீங்க?" என்றான் மொயோ. "பேர் தெரியாமக் கூப்பிட்டா யார் வர்றது? மிச்சப் பத்துப் பேரும் வந்துட்டா?"

பேர் வேண்டும். அது தெரிந்திருக்கக்கூடியவர்கள் தீயில் தப்பி, பாலத்தடியில் பிளாஸ்டிக் விரித்துக் கிடந்தவர்கள். கேட்கப் போனார். ஒருத்திக்குக் கைப்புண்ணில் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. ஒருவனை போலீஸ் பிடித்துப் போயிருந்தது. போய் நிற்க வேண்டியிருந்தது. ஒரு கிழவர் பேரைச் சொல்வதாகச் சொல்லி, ஜெபம் பண்ணச் சொல்லி, ஜெபத்தின் நடுவிலேயே இறந்துபோனார். லாரிக்காரன் பெட்டிகளை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். ரூட்போர்ட் சபைக்கு வேறொருவரைக் கர்த்தர் அழைத்துக்கொண்டார். அதில் சிரமம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

செத்தவர்களில் இதுவரை ஏழு பேருக்குப் பேர் கிடைத்திருக்கிறது. ஏழு பேரும் ஊர் போய்விட்டார்கள். ரசீது கேட்காதீர்கள். பாலத்தடியில் இப்போது ஒரு கஞ்சிக் கொட்டகை, ஒரு மருந்து மேஜை, தகரக் கூரை போட்ட சபை.

அவள் பேர் மட்டும் கிடைக்கவில்லை. இத்தனை வருடமாகச் சனிக்கிழமைதோறும் படியேறி, அந்தத் திருப்பத்தில் நின்று, "இன்னும் தேடிட்டிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு வருகிறார். போன மாதம் இறங்கி வந்தவர் மொயோவின் பக்கத்தில் உட்கார்ந்தாராம்.

"அந்தக் குழந்தை இப்ப முதுகுல இல்லய்யா," என்றாராம். "பக்கத்துல நிக்குது. அவ தோள் உயரம்."