நான் ஆற்றுக்கு அனுப்பிய சாக்கடை

பி.எஸ்ஸி. வேதியியல் முடித்த கையோடு நான் செய்த முதல் காரியம், எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி மனு எழுதியதுதான். எண்பதுகளின் நடுவில், செஞ்சியில், எங்கள் தெருவில் சாக்கடை இருந்தது. அதற்குப் போக்கிடம் இல்லை. புதிதாகக் கட்டிய கக்கூஸ்களின் கழிவும் சேர்ந்து வாசலிலேயே தேங்கும். வேலை கிடைக்கவில்லை, சும்மா இருக்கவும் எனக்குத் தெரியாது. வீடு வீடாக ஏறி இறங்கினேன். எதிர்வீட்டுத் தையல்கார பாய் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீ எலெக்‌ஷன்ல நின்னுடும்மா. எங்க வூட்டு ஓட்டு மொத்தமும் உனக்குத்தான்" என்றார்.

யாரும் நம்பவில்லை, ஆனால் பேரூராட்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தெருமுனையிலிருந்து ஆறு வரைக்கும் கால்வாய் வெட்டினார்கள். கறுப்புத் தண்ணீர் சலசலவென்று ஓடியது. அன்றைக்கு நான் நடந்த நடை இருக்கிறதே, கோட்டையையே பிடித்தவள் மாதிரி!

கால்வாய் ஆற்றில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் எங்கள் ஊற்று. கோடையில் சங்கராபரணி ஆறு வெறும் மணல். வீட்டுக் கிணறு உப்பு என்பதால், மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்புவோம். எங்கள் வீட்டில் அந்த வேலை அண்ணியுடையது. கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து உண்டாகி, அவருக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

ஒருநாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "பாப்பா, தண்ணி ஒருமாதிரி நாறுது. கால்வா தண்ணி எறங்குதோ இன்னாவோ. கொஞ்ச நாளைக்கி பம்புசெட்லருந்து எடுத்தாந்துடட்டா?" என்றார். பம்புசெட் சிங்கவரம் போகிற வழியில், நல்ல தூரம்.

நான் விடவில்லை. ஓட்டைச் சட்டியில் கரி, ஜல்லி, மணல் என்று அடுக்கி, மேலே சேற்றுத் தண்ணீரை ஊற்றினேன். கீழே தெளிவாகச் சொட்டியது. "பாத்தீங்களா அண்ணி? ஆத்துல எவ்ளோ மணல் இருக்குது! எல்லாத்தையும் வடிகட்டிடும்."

"பாத்தேன், பாத்தேன். உன்னக் கட்டிக்கப் போறவன்தான் பாவம். சோறு கேட்டாக்கூட பாடம் நடத்துவ" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் மொண்டு குடித்தார்.

மணலைத் தாண்டி வருகிற, கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றியும் நான் படித்திருந்தேன். அது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. வரவிடவில்லை என்பதுதான் சரி. அந்தக் கால்வாய் என்னுடையது அல்லவா?

ஏழாம் மாதம் அண்ணியின் கண் மஞ்சளானது. பத்து நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். பிறகு நினைவு தப்பத் தொடங்கியதும் பாண்டிச்சேரிக்குக் கொண்டு ஓடினோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "குடிக்கிற தண்ணி எங்கே எடுக்கிறீங்க?" அண்ணன் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். "வீட்ல எல்லாரும் அதைத்தானே குடிச்சோம்?" என்றும் கேட்டேன். "மத்தவங்க தாங்கிடுவாங்க. கர்ப்பிணிக்கு, தண்ணியால வர்ற இந்தக் காமாலை ரொம்ப மோசம்மா" என்றார்.

அண்ணி பிழைத்துக்கொண்டார். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. பெண். தலை நிறைய முடி.

அண்ணியை அவர் அம்மா தங்கள் ஊரான அனந்தபுரத்துக்கு அழைத்துப் போய்விட்டார். நான் இரண்டாவது மனு எழுதினேன்: கால்வாயை ஆற்றில் விடாதீர்கள். அதே வீடுகள். பாய் பேப்பரைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மனசு கேக்கலதான். ஆனா வாசல் இப்பதாம்மா காஞ்சிருக்குது. மறுபடி இங்கியே தேங்கணும்ன்றியா?" ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. அவர்களோடு நான் என்னவென்று சண்டை போடுவது?

அடுத்த நாள் பஸ் ஏறி அனந்தபுரம் போனேன். எல்லாம் என்னால்தான் என்று அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் கிணற்றடியில் நின்றிருந்தார். ரவிக்கை தோளில் தொங்கியது, அவ்வளவு இளைப்பு. என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வாளியை இறக்கி, இறைத்து, சொம்பில் ஊற்றி நீட்டினார்.

வாங்கினேன். வாய் வரைக்கும் கொண்டு போனேன். குடிக்காமலே இறக்கினேன்.

அண்ணி தப்பாகப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. "குடி பாப்பா" என்றார், என்னைத் தேற்றுகிற குரலில். "இது நல்ல தண்ணிதான்."