வெள்ளம் வரவில்லை என்று சொன்னவள்

கூட்டத்துக்கு வராதவர் தலையில் செயலாளர் பதவியைக் கட்டிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அன்றைக்கு நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு மீன் வியாபாரி அண்ணன் வாசலில் நின்று வாழ்த்துச் சொன்னார். நான் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் ஆகிவிட்டேனாம். யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்றேன். "நீங்கதான் இல்லியே, பெறவு ஆரைக் கேக்க?" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

எங்கள் நகர் கொட்டாரத்திலிருந்து வட்டக்கோட்டைக்குப் போகிற பக்கம் இருக்கிறது. முன்பு வயல். மனை விற்றவர்கள் அச்சடித்துக் கொடுத்த வண்ணத் தாளில் கடற்காற்றும் இனிய குடிநீரும் உண்டு என்று போட்டிருந்தார்கள். காற்றைப் பொறுத்தவரை அவர்கள் பொய் சொல்லவில்லை. தண்ணீர்தான் வாயில் வைக்க முடியாது. எத்தனை ஆழத்துக்குத் துளை போட்டாலும் உப்புதான் வந்தது. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பால் ஊற்றினால் திரிந்துபோகும். குடிக்கவும் சமைக்கவும் கேனில்தான் வாங்கினோம். இத்தனைக்கும் குடிநீர்க் குழாய் எங்கள் நகர் வாசல் வழியாகத்தான் அடுத்த ஊருக்குப் போகிறது. கல்யாணப் பந்தியில் நம் இலையை மட்டும் தாண்டி விளம்பிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் எங்கள் சங்கம்.

மீன் வியாபாரி அண்ணன் துணைத் தலைவர். அவருடைய ஆட்கள் எல்லாம் கடற்கரையில் இருக்கிறார்கள்; ஊரில் இடம் போதாமல் இவர் மட்டும் இங்கே வந்து வீடு கட்டினார். பொருளாளர் எதிர்வீட்டு விவசாயி. சுத்த சைவம். தன் வயலில் பாதியை மனைக்கு விற்றுவிட்டு மீதியில் இன்னும் நெல் போடுகிறவர். மீன் வியாபாரி வீட்டில் கூட்டம் என்றால் துண்டை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வருவார், ஆனால் வராமல் இருக்க மாட்டார்.

தலைவி, எங்கள் எல்லாரிலும் இளையவள். மேற்கே விளவங்கோடு பக்கத்துப் பெண். புருஷன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து புருஷனின் அண்ணன் தம்பிகளோடு ஒரே வீட்டில் இருந்தவள். பிள்ளைகளின் படிப்பைச் சொல்லித்தான் இங்கே தனி வீடு கட்ட அவனைச் சம்மதிக்க வைத்தாள். ஒவ்வொரு ஜன்னலும் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கொத்தனாரோடு நின்று சண்டை போட்டுக் கட்டிய வீடு. சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். அந்தச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேசுவாள்.

அந்த வீட்டுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. தினமும் போனில் உப்புத் தண்ணீர்ப் பாட்டைக் கேட்டுக் கேட்டு அவள் புருஷனுக்கு வெறுத்துவிட்டது. கிறிஸ்மஸுக்கு லீவில் வருவதற்குள் வீட்டை விற்றுவிட வேண்டும், திரும்ப ஊருக்கே போய்விடலாம் என்று சொல்லி, கொட்டாரத்தில் ஒரு புரோக்கரையும் ஏற்பாடு செய்துவிட்டான். புரோக்கர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். வந்தவர்கள் ஜன்னலைப் பார்த்து அசந்துபோவார்கள். பிறகு அடுக்களைக் குழாயைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அவ்வளவுதான், போன் பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

பொருளாளர்தான் அதை முதலில் கவனித்துச் சொன்னார். இந்த உப்புத் தண்ணீர்தானே உன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, நல்ல தண்ணீர் வந்தால் வீடு அடுத்த நாளே விலை போய்விடுமே, நீயே தலைவியாக நின்று அதற்குப் போராடலாமா என்று கேட்டார். எனக்கும் அவர் சொல்வது சரி என்றுதான் பட்டது. அவள் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"விக்கணும்னா விக்கட்டு மாமா. குடிக்க வெள்ளம் இல்லாத்த வீடுன்னு எனக்க வீட்டுக்குப் பேரு வேண்டாம்."

அந்தப் பேச்சில்தான் நான் மனதாரச் செயலாளர் ஆனேன். அதுவரை பேருக்குத்தான் இருந்தேன்.

நாகர்கோவிலில் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனோம். தலைவி பேச வேண்டியதை முந்தின நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்தோம். சுருக்கமாக, தெளிவாக, அழாமல் பேச வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அழகாகப் பேசினாள். கை தட்டினோம். எங்களில் ஒருவர் காதிலும் ஒன்றும் உறுத்தவில்லை.

கூட்டத்தில் இருந்த அதிகாரி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரர். காற்றாலைகளைத் தாண்டி எங்கள் மாவட்டத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்தார். தலைவி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கணீரென்று சொன்னாள்: "சார், வீடு கட்டின நாள் முதலா எங்களுக்க நகருக்கு வெள்ளம் வரல்ல."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்மா. வந்தா உடனே சொல்லுங்க, நடவடிக்கை எடுக்கிறோம்."

"வந்தா நாங்க எதுக்கு சார் இங்க வாறோம்? வெள்ளம் வரணும் சார். ஒரு வீடு விடாம எல்லா வீட்டுக்கும் வரணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மேற்கே குடிக்கிற தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். கஞ்சிக்கு வெள்ளம், குளிக்க வெள்ளம், கோழிக்கு வெள்ளம். எங்கள் பக்கத்திலும் பாதிப்பேர் வாயில் அது வரும். கணவாய்க்கு அந்தப் பக்கம் வெள்ளம் என்றால் வீடு முழுகுகிற வெள்ளம் மட்டும்தான் என்பது எங்கள் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. விஷயம் புரிந்த உள்ளூர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்துக் கூடமே சிரித்தது. தலைவி எதற்கென்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் நான் எழுந்து, இவள் கேட்பது குடிதண்ணீர், நாங்கள் பேசுவதும் தமிழ்தான், சிரிக்க இதில் ஒன்றுமில்லை என்று மருந்துக்கடையில் கடன் கேட்பவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னேன். அதிகாரி நல்ல மனிதர். தானும் சிரித்துவிட்டதற்கு வருத்தம் தெரிவித்து, எங்களை உட்காரவைத்து, நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது தலைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் வியாபாரி அண்ணன்தான் முன் சீட்டிலிருந்து திரும்பி, "சிரிச்சிட்டாங்கல்லா மக்கா, இனி நம்மள மறக்க மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. அன்றைக்கு அங்கே குவிந்த மனுக்களுக்குக் கணக்கில்லை. ஆனால் சீக்கிரமே ஒரு பொறியாளர் எங்கள் தெருவுக்குள் ஜீப்பை நிறுத்தி, வெள்ளம் வரவில்லை என்று சொன்ன அம்மா வீடு எது என்று விசாரித்தார்.

அவர் வருவது முதல்நாளே தெரியும். ஆழ்குழாய்த் தண்ணீரில் காப்பி போட்டுக் கொடுப்போம், பால் திரிவதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று பொருளாளர் யோசனை சொன்னார். நான் துள்ளிக் குதிக்காத குறையாக ஆமோதித்தேன். தலைவி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். வீடு தேடி வந்தவருக்கு உப்புத் தண்ணீர் கொடுக்க அவள் கை வராதாம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சங்கத்தில் தலைவியைத் திட்டச் செயலாளருக்கு உரிமை உண்டு என்று நினைத்து அதையும் செய்து பார்த்தேன். மசியவில்லை.

பொறியாளருக்கு ஏத்தன் வாழைப்பழமும், கிறிஸ்மஸுக்கென்று முன்கூட்டியே செய்து வைத்திருந்த முந்திரிக்கொத்தும், கேன் தண்ணீரில் போட்ட காப்பியும் வந்தன. ரசித்துக் குடித்தார். குடித்துவிட்டு, "தண்ணி நல்லாத்தானே இருக்கு, காப்பி பிரமாதமா இருக்கே" என்றார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. பொருளாளர் என்னைப் பார்த்தார். நான் தலைவியை முறைத்தேன். அவள் இன்னொரு முந்திரிக்கொத்தை அவர் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

முந்திரிக்கொத்து பயற்றை வெல்லப்பாகில் பிடித்துப் பொரித்தது; தின்றால் கையெல்லாம் பிசுபிசுக்கும், பல்லிலும் ஒட்டும். பொறியாளர் எழுந்து முற்றத்துக் குழாய்க்குப் போனார். சோப்பைத் தேய்த்தார், நுரை வரவில்லை. இன்னும் தேய்த்தார். பிறகு வாய் கொப்பளிக்க ஒரு கை அள்ளி வாயில் விட்டார். விட்ட வேகத்தில் துப்பினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலைவி பதறிப்போய் உள்ளே ஓடி, கேன் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து, இதில் கொப்பளியுங்கள் சார் என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி நீட்டினாள். அவர் செம்பையும் குழாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதிலயா குளிக்கிறீங்க?"

"பிள்ளைகளும் இதிலதான் சார்."

அவர் நகர் முழுக்க நடந்து ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். எங்கள் தந்திரம் செய்ய முடியாததை அவளுடைய மரியாதை செய்துவிட்டது. இதை இன்றுவரை அவளிடம் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

குடிநீர் இணைப்புக்கு அனுமதி வந்தது. ஆனால் குழி தோண்ட ஆள் வர வேண்டும் என்றால் தை பிறந்துவிடும் என்றார்கள். குழியை நீங்களே வெட்டிக்கொடுத்தால் குழாயும் பதிக்கிற ஆளும் உடனே வரும் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். கேள்வியே இல்லை, ஒத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பெய்த மழையில் மண் இளகியிருந்தது. பழைய வயல்தானே, மம்பட்டி வைத்த இடத்தில் இறங்கியது. சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் மீன் வியாபாரி அண்ணனின் ஆட்கள் கடற்கரையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பொருளாளர் வயலில் வேலை செய்கிறவர்களும் வந்தார்கள். எங்கள் தெருவில் கணினியைத் தவிர எதையும் கையில் எடுக்காத ஒருவர் அரைமணி நேரத்தில் கை கொப்புளித்து, துணி சுற்றிக்கொண்டு மறுபடி வந்து வெட்டினார். கறுப்புக் குழாய் வளையம் வளையமாகச் சுருண்டு கிடந்தது. ஒரு பக்கம் விரித்தால் மறுபக்கம் சுருட்டிக்கொண்டது. கடற்கரை ஆட்கள் வரிசையாக நின்று, வலை இழுக்கிற குரலைப் போட்டு அதை இழுத்தார்கள். அந்தக் குரலுக்குத் தெருவே சேர்ந்து இழுத்தது. எல்லாருக்கும் மேலே கேட்டது எங்கள் சைவப் பொருளாளரின் குரல்தான். மத்தியானம் மரச்சீனிக் கிழங்கு அவித்து, ஒரு பக்கம் மீன்குழம்பும் ஒரு பக்கம் காந்தாரி மிளகுத் துவையலுமாக எல்லாரும் தலைவி வீட்டு முற்றத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பொருளாளர் துண்டைத் தோளில்தான் போட்டிருந்தார்.

தண்ணீர் திறந்துவிட்ட அன்று எல்லாரும் தலைவி வீட்டு முற்றத்தில் கூடியிருந்தோம். குழாய் முதலில் இருமியது. பிறகு செம்மண் நிறத்தில் துப்பியது. பிறகு கண்ணாடி போல வந்தது. தலைவி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

அந்த நேரம் பார்த்து புரோக்கர் வந்தார், நாகர்கோவிலிலிருந்து ஒரு கணவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு. அந்த அம்மாள் ஜன்னல்களைப் பார்த்தாள், குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள், இந்த வீடே போதும், இன்றைக்கே பேசி முடித்துவிடலாம் என்றாள். புரோக்கருக்கு வாயெல்லாம் பல். எங்கள் முன்னாலேயே வளைகுடாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, தண்ணீர் வந்துவிட்டது, சொன்னதற்கு மேலேயே கேட்கலாம் என்றார். இதற்காகவா குழி வெட்டினோம் என்று நான் பொருளாளரைப் பார்த்தேன்.

தலைவி எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கினாள்.

"முடிக்காண்டாம். வெள்ளம் இல்லன்னுதானே விக்கச் சொன்னியோ? வெள்ளம் வந்தாச்சு. இனி விக்கதுக்கு என்ன காரணம் உண்டு, சொல்லுங்க."

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று புரோக்கர் எட்டிப் பார்த்தார். அப்புறம் அவன் குரல் மெல்லக் கேட்டது.

"குளிக்கக் கொள்ளாமா? உப்பு இல்லியே?"

"கிறிஸ்மஸுக்கு வந்து குளிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"செரி. அப்ப வீடு அங்க கெடக்கட்டு" என்றான் அவன்.

முற்றம் முழுக்கச் சிரிப்பும் கூச்சலும். மீன் வியாபாரி அண்ணன் குழாயைத் திறந்து எல்லார் மேலும் தண்ணீரை வாரி இறைத்தார். பொருளாளர் நனைந்த துண்டைப் பிழிந்து பிழிந்து சிரித்தார். அந்த நாகர்கோவில் அம்மாள் மட்டும் முகம் வாடி, செயலாளர் யார் என்று விசாரித்து என்னிடம் வந்து, இந்த நகரில் வேறே ஏதாவது வீடு விலைக்கு வருமா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து பதில் சொல்லிவிட்டார்கள்.

"இல்ல."