வார்டன் அலவன்ஸ்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், தாம்பரத்தை அடுத்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் கணிதப் பேராசிரியராக இருந்தேன். என் மனைவி பம்மலில் ஒரு பள்ளியில் கற்பித்தாள். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போய்வந்ததில் அவளுடைய இடுப்பு வலி முற்றியிருந்தது. என் சம்பளம் சற்று உயர்ந்தால் அவள் வேலையை விடலாம். மாலை வேளைகளில் இருவரும் வீட்டில் இருக்கலாம். எங்கள் ஆசை அவ்வளவுதான்.

கேட்பது எனக்கு வராது. ஆகவே சம்பள உயர்வு கேட்கப் போவதற்கு முந்தைய நாள், ஒத்திகைக்காக அவளே கல்லூரித் தாளாளராகி, கால்மேல் கால் போட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

“இன்னா சார், திடீர்னு இந்தப் பக்கம்?”

“உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா...”

“இது சம்பளம் கேக்கற மாதிரி இல்லைங்க, கைமாத்து கேக்கற மாதிரி இருக்கு. வெளியில போய்ட்டு மறுபடியும் வாங்க.”

சமையலறைக்குள் போய்ப் போய் வந்தேன்.

மறுநாள் தாளாளர் என்னை முடிக்கவே விடவில்லை. “உங்களுக்கு மட்டும் ஏத்துனா மத்தவங்க சும்மா இருப்பாங்களா சார்? ஒண்ணு பண்ணுங்க. ஹாஸ்டல் வார்டன் வேலையை வுட்டுட்டாரு. நீங்க எடுத்துக்கங்க, அலவன்ஸ் போட்டுத் தரேன். சனி, ஞாயிறு தவிர அங்கயே தங்கணும், அவ்ளோதான்.”

நாங்கள் எதிர்பார்த்ததைவிடத் தொகை அதிகம். அங்கேயே சம்மதித்தேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்ற வாக்கியம் எங்கள் ஒத்திகையில் இல்லை.

செய்தியைக் கேட்டு அவள் சிரித்தாள். “சம்பளம் கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பினா, உங்களையே குடுத்துட்டு வந்திருக்கீங்களே!” நானும் சிரித்தேன். அவள் எப்போது சிரிப்பை நிறுத்தினாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

திட்டமிட்டபடியே அவள் வேலையை விட்டாள். மாலைகளில் விடுதித் தொலைபேசிக்கு அழைப்பாள். “இன்னிக்கு மெஸ்ல என்ன?” என்பாள். சாம்பார் என்பேன். “இங்கயும் அதான்.” கையெழுத்துக்காக மாணவர்கள் காத்திருப்பார்கள், பேச்சைச் சுருக்கிக்கொள்வேன்.

சில ஆண்டுகளில் அவள் இறந்தாள். இடுப்பு வலியால் அல்ல. நாங்கள் எண்ணியே பார்த்திராத வேறொரு நோய்.

காரியங்கள் முடிந்து பணிக்குத் திரும்பிய அன்று தாளாளர் அழைத்தார். “இனிமே வூட்லயே இருங்க சார். அலவன்ஸை நிறுத்த மாட்டேன்.” உண்மையான பரிவோடுதான் சொன்னார். முன்பு அந்த அறைக்கு நான் கேட்கச் சென்றதும் ஏறக்குறைய இதைத்தான்.

விடுதியிலேயே தங்க அனுமதிக்குமாறு கேட்டேன். இம்முறை சொற்கள் தடுமாறவில்லை.