திங்கட்கிழமை தோறும் வினிதா அனுப்பியது

திங்கட்கிழமை காலை என்றால் முருகேஷுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. தையல்காரர்கள் வருவதற்கு முன்பே பனியன் தைக்கிற தன் பவர் டேபிள் கொட்டகையைத் திறந்து, ஓவர்லாக் தையல் மெஷின்களை மூடியிருக்கும் துணியை உருவிப் போட்டுவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து போனைத் திறப்பான். அந்த வாரத்துக்கான பாட்டுகள் வந்திருக்கும். பாட்டு என்றால் வாய்ப்பாட்டு அல்ல. நாலைந்து பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து வயலினும் செல்லோவும் வாசிக்கிற மேல்நாட்டு சாஸ்திரிய இசை; சேம்பர் மியூசிக் என்று பேர். அதை வாராவாரம் தனக்கு அனுப்புவது தன் மனைவி வினிதா என்பது முருகேஷின் எண்ணம். வினிதா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவன் பைத்தியக்காரன் இல்லை. அந்தப் பாட்டு ஆப்பில் இருப்பது வினிதாவின் கணக்கு, பிடித்திருக்கிறது என்று ஹார்ட் போட்டவற்றை வைத்து அதே மாதிரி இன்னும் எங்கே என்ன இருக்கிறதென்று அது தேடிக் கொடுக்கிறது, அவ்வளவுதான் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்துவிட்டால் மனசு கேட்டுவிடுமா?

வினிதா ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தாள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்கிற சாயம், அளவு, பட்டன் எல்லாவற்றுக்கும் இங்கிருந்து அவள்தான் பதில் சொல்ல வேண்டும். போன் போட்டால் அந்த ஊர் ஆபீசில் லேசில் எடுக்க மாட்டார்கள். காத்திருக்கச் சொல்லிவிட்டு வயலின் வாசிப்பை ஓடவிடுவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் பையரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சாம்பிள்களை மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அங்கே போனை எடுத்துவிட்டால், அட, அதற்குள்ளாகவா என்று இருக்குமாம். அது என்ன வாசிப்பு என்று கண்டுபிடித்து, அதைத் தொட்டு இன்னொன்று, அதைத் தொட்டு வேறொன்று என்று போய்க்கொண்டே இருந்தாள்.

"கறிக்கடையில கத்தி தீட்டறாப்பல இருக்குது" என்பான் முருகேஷ்.

"உங்களுக்கு ஓவர்லாக் சத்தந்தானுங்க சங்கீதம்" என்று சொல்லிவிட்டு அவள் இயர்போனை மாட்டிக்கொள்வாள். அதோடு சரி. அவள் அப்படி என்னதான் கேட்கிறாள் என்று அவன் ஒருநாளும் காதைக் கொடுத்துப் பார்த்ததில்லை.

கர்ப்பப்பையில் கட்டி. கண்டுபிடிக்கும்போதே கைமீறிப் போயிருந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம், அவன் ஊரிலிருந்து இளநீரோடு வந்து அறைக்குள் நுழைந்தபோது தலையணை ஓரத்தில் அவளுடைய போன் மெல்ல வாசித்துக்கொண்டிருந்தது. செல்லோ ஆழத்திலிருந்து ஒரு சோகத்தை இழுத்துக்கொண்டே போக, மற்ற மூன்று வாத்தியங்களும் தயங்கித் தயங்கி அதனோடு வந்து சேர்ந்தன. அது முடிவதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, முருகேஷ் அந்த வாசிப்பைத் தேடிப் பிடித்து அதற்கு ஒரு ஹார்ட் போட்டான். கடைசி மூச்சுவரை அவள் கேட்டது அது. அதைவிட அவளுக்குப் பிடித்தது வேறென்ன இருக்க முடியும்?

அடுத்த திங்கட்கிழமையே அதே சாயலில் ஒன்று வந்தது. அதற்கும் ஹார்ட் போட்டான். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்பான். வினிதாவுக்குப் பிடிக்கும் என்று பட்டால் ஹார்ட், இல்லையென்றால் தள்ளிவிடுவான். மெதுவானது, இழுப்பானது, கேட்டால் நெஞ்சை அடைப்பதுதான் அவளுக்குப் பிடிக்கும் என்று அவனுக்கு நிச்சயம். "புடிச்சிருக்குதா வினிதா?" என்று வாய்விட்டே கேட்பான். கேட்டதும் பின்பக்கம், தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங் மேஜைக்கு அருகில், யாரோ வந்து நின்று துணியைத் தடவிப் பார்ப்பது போல் இருக்கும். கழுத்துப் பின்னால் சிலிர்க்கும். திரும்ப மாட்டான். திரும்பினால் போய்விடுவாளோ என்று பயம். ஒருமுறை அவள் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனைகூட வந்தது. அதில் மெஷின் எண்ணெய் எவ்வளவு என்று நாம் கேட்கக் கூடாது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒச்சாயி அவனிடம் தையல் வேலை பார்க்கிறாள், அவனைவிட மூத்தவள். ஒரு திங்கட்கிழமை சீக்கிரம் வந்துவிட்டாள்.

"ஏந்தம்பி, இது யாரு செத்ததுக்கு வாசிக்கிறது?"

"இது வேற சங்கீதமுங்க அக்கா."

"என்னமோப்பா. எங்கூருல எழவு வீட்டுல கொட்டு ஓஞ்சு நிக்கிற நேரத்துல இப்படித்தேன் இருக்கும்."

அவனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அந்தக் கணக்கில் வேறெதையும் அவன் ஓடவிட மாட்டான். ஒரு சினிமாப் பாட்டு ஓடினால் போதும், ஆப் குழம்பிவிடும்; வினிதாவின் ருசி அதற்கு மறந்துபோகும். அப்புறம் அவள் எந்த வழியாக வந்து சேருவாள்? பெற்ற மகள் தேஜஸ்ரீகூட அந்தப் போனைத் தொட முடியாது.

ஆனால் முருகன் தொட்டுவிட்டார். முருகேஷுடையது தலைமுறையாக நெசவுக் குடும்பம். அவர்களுக்கு முருகனுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவார்கள். சாமி படம் வைத்த வேன் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு கூடவே வரும். இந்த வருடம் குண்டடம் தாண்டியதும் வேனில் இருந்த பென்டிரைவ் மண்டையைப் போட்டுவிட்டது. ஆளாளுக்குத் தங்கள் போனை மாட்டிப் பார்த்தார்கள். காவடிப் பாட்டுக்கு நடுவே நகைக்கடை விளம்பரம் வந்தது. அடுத்து சீட்டு விளையாட்டு விளம்பரம் வந்தது. குழுவுக்குப் பெரியவரான சாமியப்பன், முருகேஷின் பெரியப்பா மகன், இவன் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா முருகேசு, உன்ற போன்ல வெளம்பரம் வராதாமல்ல?"

"வராதுங்கண்ணா. ஆனா அது வினிதாவோட கணக்குங்க."

"அவளும் முருகனுக்குப் பூ வெச்சவதானப்பா. கொடு."

முருகனுக்கு இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அங்கிருந்து பழனிவரை வினிதாவின் கணக்கில் உருமியும் காவடிச் சிந்தும் முழங்கின. காலில் கொப்புளம் வெடித்ததுகூட அவனுக்கு உறைக்கவில்லை. காதெல்லாம் வேன் பக்கமே இருந்தது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அவள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறாள் என்று மனசு அடித்துக்கொண்டது. மலையேறி சன்னிதியில் நின்று, ஆப்புக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே பக்தன் அவனாகத்தான் இருப்பான்.

திங்கட்கிழமை போனைத் திறந்தால் பட்டியல் முழுக்கக் காவடி. ஓரமாக ஒரே ஒரு வயலின் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் போட்டான். "வினிதா" என்றான். பின்பக்கம் யாரும் வரவில்லை. வெறும் கொட்டகை. இன்னொரு தடவை அவளைப் பறிகொடுத்துவிட்டேன் என்று பட்டது அவனுக்கு. கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் தேஜஸ்ரீயை அழைத்து, உடனே வரச் சொன்னான்.

லீவு கிடைக்காமல் ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேர்ந்தவள் கொட்டகையிலேயே உட்கார்ந்து போனை வாங்கிப் பார்த்தாள்.

"இந்த பக்திப் பாட்டையெல்லாம் கேட்டதுல இருந்து எடுத்துட்டாப் போதுங்கப்பா. பழையபடி ஆயிரும்" என்றாள். எடுத்தும் விட்டாள். பிறகு ஹார்ட் போட்டவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டாள். முகம் மாறியது.

"இதெல்லாம் யாருங்கப்பா ஹார்ட் போட்டது? அம்மா ஒண்ணுக்கும் போட மாட்டாங்களே."

"உங்கம்மாவுக்குப் புடிச்சதா பாத்துப் பாத்து நாந்தான் போட்டேன் கண்ணு."

"அம்மா இதைக் கேக்க மாட்டாங்களேப்பா. இப்புடி இழுத்தா தூக்கம் வருதுன்னு தள்ளி உட்ருவாங்க. பஸ்ஸுல ஆளுக்கொரு காதுல மாட்டிட்டுத்தான் நாங்க வருவோம். எனக்குத் தெரியாதுங்களா?"

"ஆஸ்பத்திரியில கடைசியா அதத்தான கேட்டுட்டு இருந்தா?" முருகேஷின் குரல் உயர்ந்துவிட்டது.

தேஜஸ்ரீ போனைக் கீழே வைத்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்குக் காலையில இருந்தே அம்மாவுக்கு நெனவு இல்லீங்கப்பா. அம்மாவுக்குப் புடிச்சது ஒண்ணை நாந்தான் போட்டு வெச்சுட்டு டாக்டரைப் பாக்கப் போனேன். அது முடிஞ்சு போன் அதும்பாட்டுக்கு ஒண்ணொண்ணா ஓட்டிட்டு இருந்துச்சு. நீங்க வர்றப்ப ஓடுனது யாரும் போட்டது இல்லீங்க."

முருகேஷ் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். "அப்ப அவளுக்குப் புடிச்சதைப் போடு" என்றான்.

அவள் போட்டாள். இரண்டு வயலின்கள் ஒன்றையொன்று துரத்தின. நடுவே மற்ற இரண்டும் புகுந்து வழிமறித்தன. திடீரென்று நாலும் நின்றன. முடிந்துவிட்டது என்று நினைத்தபோது, ஒன்றும் நடக்காதது போல மறுபடி கிளம்பின.

"இந்த எடத்துல அம்மா சிரிப்பாங்க. பஸ்ஸே திரும்பிப் பாக்கும்" என்றாள் தேஜஸ்ரீ.

அந்தச் சிரிப்பை முருகேஷ் கேட்டதில்லை. இந்த இரண்டு வருடத்தில் செக்கிங் மேஜைப் பக்கம் வந்து நின்றவளும் ஒருதடவைகூடச் சிரித்ததில்லை. அப்படியென்றால் வந்து நின்றது யார்? யாரும் தேடிப் போடாத ஒன்றுக்கு அவன் போட்ட ஹார்ட், அதைப் பார்த்து வந்த இன்னொன்று, அதற்கு இன்னொரு ஹார்ட். அவனுடைய துக்கமே வாராவாரம் அவனிடம் திரும்பி வந்து, வினிதா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இதை நினைத்தபோது அவனுக்கு உண்டான பயம், ஆவி வந்து நின்றிருந்தால்கூட உண்டாகியிருக்காது.

அம்மாவின் கணக்கைத் தேஜஸ்ரீ தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். அப்பாவுக்கு அவன் பேரிலேயே புதிதாக ஒன்று தொடங்கினாள். உங்களுக்குப் பிடித்தவற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டது ஆப். வினிதாவுக்குப் பிடித்த துள்ளலைச் சொல்லலாமா என்று யோசித்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை. அந்த மெதுவான இழுப்பைத்தான் சொன்னான். அவனுக்குப் பிடித்திருந்தது அதுதான். எப்போதிருந்து பிடித்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை கொட்டகையைத் திறந்து உட்கார்ந்தான். புதுக் கணக்கில் முதலாவதாக வந்திருந்தது இதுவரை அவன் கேட்டிராத ஒன்று. ஒரு வயலின் மட்டும் யாருக்கும் அவசரமில்லாத மாதிரி மேலே ஏறிக்கொண்டே போனது. மற்றவை கீழேயே நின்று அதைத் தாங்கின. இவ்வளவு நல்லதை அவன் கேட்டதே இல்லை. இரண்டு வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு வந்ததில்லை.

"வினிதா, இதைக் கேளேன்" என்று சட்டென்று திரும்பினான்.

செக்கிங் மேஜை மேல் மடித்து வைத்த பீஸ்கள் இருந்தன. டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. இந்த வாசிப்பை அவள் கேட்டதில்லை; இனிக் கேட்கப் போவதும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலும் வராத அழுகை அப்போது வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மதியச் சோற்றுத் தூக்குப் போசியோடு உள்ளே வந்த ஒச்சாயி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன தம்பி, என்ன ஆச்சு?"

"வினிதா செத்துப்போச்சுங்க அக்கா" என்றான் முருகேஷ்.